அக்காவுக்குத் தெரிந்தது

கல்யாணமாகி மாடம்பாக்கம் வீட்டுக்கு வந்த முதல் வாரம். துவைத்த துணியை வாளியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு மழை வருமா?" என்று பொதுவாகக் கேட்டேன். கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் கணவரின் அக்கா, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"இருங்க டீச்சர், பாத்துட்டு வரேன்."

மாடிக்குப் போனவர் கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினார். "ஏரிப் பக்கம் கறுத்திருக்கு. ஆனா காத்து அந்தப் பக்கமாத்தான் போகுது. நாலு மணி வரைக்கும் வராது. நாலு மணிக்கு மறுபடி பாத்துச் சொல்றேன்."

அதற்குள் நான் துணியைக் காயப்போட்டுவிட்டுக் கேட்டதையே மறந்திருந்தேன். நாலு மணிக்கு அக்கா மறுபடி மாடிக்குப் போனார்.

அவரிடம் ஒரு கேள்வியைச் சும்மா கேட்க முடியாது. தெருவில் காய்கறி வண்டிக்காரர், "இன்னாம்மா, நல்லாகீறியா?" என்று எல்லோரையும் கேட்பதுபோல் கேட்பார். அக்கா நின்று யோசிப்பார். "காலைல வலது முட்டி வலிச்சுது. எண்ணெய் தடவினேன். இப்போ வலி இல்ல. ராத்திரி தூக்கம் ரெண்டு தடவை கலைஞ்சுது. மத்தபடி நல்லா இருக்கேன்." ஆரம்பத்தில் வண்டிக்காரர் பாதியிலேயே தராசைத் தூக்கிவிடுவார். சில மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, முழுப் பதிலையும் கேட்டு, "முட்டிக்கு வென்னீர் ஒத்தடம் குடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் சேலையூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அதனால் அவருக்கு நான் டீச்சர். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கடைசிவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசினார். தெருவில் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது "அது பாட்டுக்கு இருக்கும், ஒரு தொந்தரவும் கிடையாது" என்பார்கள். 'அது' என்ற சொல் என் காதில் நெருட எனக்கே ஒரு வருடமாயிற்று.

ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தெரியாது. அடுப்பைப் பற்றவைக்கப் பயம். தனியாகத் தாம்பரம் போகவிட மாட்டோம். ஒரு முறை மட்டும் போனார். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ மாறி ஏறி, பம்மலில் போய் இறங்கிவிட்டார். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க நாலு மணி நேரமானது. ஆட்டோ இறக்கிவிட்ட இடத்திலேயே, ஓர் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இந்தம்மா உட்காரச் சொன்னாலும் உட்காரல சார், இங்கேயேதான் நிக்குது" என்றார் கடைக்காரர். என் கணவர் கோபத்தில், "யாரையாவது கேட்டு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். அக்கா சொன்னார்: "நான் நகர்ந்தா நீ வேற எங்கேயாவது தேடுவியேடா."

என் மாமனார் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மகளை எந்த மருத்துவரிடமும் காட்ட அவர் சம்மதித்ததில்லை. "என் பொண்ணு மக்கு இல்ல. நிதானம்," என்பாராம். நான் வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். அவருடைய குடும்ப ஓய்வூதியம் என் மாமியாருக்கு வந்துகொண்டிருந்தது. வீடு பெரும்பாலும் அதில்தான் ஓடியது. என் கணவருக்கு ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை. வருடத்துக்கு ஒருமுறை அது இருக்குமா போகுமா என்று காத்திருப்போம்.

மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து படுத்தத் தொடங்கியபோது, மாமனாரோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணிக்கு அப்புறம் பென்ஷன் நின்னுடும்மா," என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "பொண்ணு பேருக்கு மாத்தலாம். ஆயுசு முழுக்க வரும். ஆனா இவங்களால சம்பாதிச்சுப் பொழைக்க முடியாதுன்னு மெடிக்கல் போர்டு எழுதித் தரணும். அதுக்கு ஐக்யூ டெஸ்ட் பண்ணி, நம்பர் எழுபதுக்குக் கீழ வரணும். அண்ணி இருக்கும்போதே முடிச்சு வெச்சுடுங்க."

மாமியார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை நீ முடிச்சுக் கொடும்மா. நாளைக்கு உங்களுக்கே கஷ்டம் வந்தாலும் இவ யார் முகத்தையும் பாத்து நிக்கக் கூடாது," என்றார். என் கணவர், "அப்பாவே செய்யாததை நான் செய்யல" என்று ஒதுங்கிக்கொண்டார். படிவம், வரிசை, கையெழுத்து என்றால் அந்த வீட்டில் அது என் வேலை.

நகரத்துக்குள் இருந்த ஓர் அரசு மருத்துவமனைக்கு மின்சார ரயிலில் போனோம். அக்கா வெளுத்த நீலப் புடவை உடுத்தி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். உளவியலாளர் சின்னப் பெண்; முப்பது வயதுகூட இருக்காது. பேசாமல் இருந்தால் நானும் உள்ளே ஓரமாக உட்காரலாம் என்றார்.

மேஜைமேல் சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகள். அட்டையில் இருந்த படத்தைப்போல் கட்டைகளை அடுக்க வேண்டும். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச். அக்கா முதல் படத்தை அடுக்கி முடித்தார். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றிப்போய், உளவியலாளரின் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா எழுந்தீங்க?"

"உங்க பக்கத்துல இருந்து பாத்தாலும் சரியா இருக்கான்னு பாத்தேன்."

நேரம் முடிந்துவிட்டிருந்தது. உளவியலாளர் எதையோ குறித்துக்கொண்டார்.

"ஆரஞ்சு, வாழைப்பழம். ரெண்டுக்கும் என்ன ஒத்துமை?"

"ரெண்டும் பழம். ரெண்டையும் தோல் உரிச்சுச் சாப்பிடணும்."

எனக்குள் சின்னதாகப் பெருமை வந்தது. மாலையில் எங்கள் கூடத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து, மடியில் ஒரு நோட்டோடு, ஆறு வருடமாக அக்காவும் உட்கார்ந்திருந்தார். ஒற்றுமை, வேற்றுமை, எதிர்ச்சொல் எல்லாம் அங்கே கேட்டுக் கேட்டு அவருக்குப் படிந்திருந்தன.

"கூட்டத்துல ஒரு குழந்தை தனியா அழுதுக்கிட்டு நிக்குது. நீங்க என்ன செய்வீங்க?"

அக்கா நெடுநேரம் யோசித்தார். "நானும் அங்கேயே நிப்பேன். வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனா, அவங்க அம்மா திரும்பி வந்து பாத்துட்டு பயந்துடுவாங்க."

உளவியலாளர் பேனாவை எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். பிறகு, "போலீஸ், மைக் அறிவிப்பு இப்படி ஏதாவது சொன்னாத்தான் முழு மார்க்," என்று தணிந்த குரலில் சொன்னார். "இதுக்கு பாதிதான் போட முடியும்."

தேர்வு முடிந்ததும் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதிக் காட்டினார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோட்டுக்கு மூன்று புள்ளி மேலே என்பது மட்டும் போதும்.

"இதுக்கு சர்டிபிகேட் வராது மேடம். பார்டர்லைன்னுதான் எழுதணும்."

"இவங்களால தனியா ஒரு பஸ் ஏறி இறங்க முடியாதுங்க."

"எனக்குப் புரியுது. ஆனா போர்டுல நம்பரைத்தான் பாப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரலாம்."

மூன்று புள்ளி. என் வகுப்பில் முப்பத்திரண்டு எடுத்த பிள்ளைக்கு மூன்று மார்க் கூட்டிப் போட்டுத் தேற்றிவிடும் ஆள் நான். இருபது வருடமாக, சிவப்புப் பேனாவோடு, நன்றாகப் படிப்பவர், சுமாராகப் படிப்பவர், மெல்லக் கற்பவர் என்று பட்டியல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டில் அன்று மாலை என்ன நடந்தது என்று யோசித்ததே இல்லை.

ரயிலில் அக்கா கேட்டார்: "பாஸா டீச்சர்?"

"பாஸ்க்கா."

வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, நான் பாஸு" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். சான்றிதழ் கிடைக்காது என்று நான் தலையை ஆட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்துவிட்டு வந்து, அம்மா ஏன் படுத்துவிட்டார் என்று என்னைக் கேட்டார். அசதி என்றேன்.

அந்த ஆறு மாதத்தில் நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்த மேடம் மறுபடி கேள்வி கேப்பாங்க. இந்தத் தடவை தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும்."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "பொய் சொல்லணுமா டீச்சர்?"

"உங்களுக்கு ஒரு பேப்பர் தருவாங்க. அது இருந்தா, அம்மாவுக்கு அப்புறம் உங்களைப் பத்திக் கவலையில்ல. அம்மா நிம்மதியா இருப்பாங்க. நீங்க பதில் சொன்னா அந்தப் பேப்பர் கிடைக்காது."

அம்மாவின் நிம்மதி என்றதும் அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு அது வரவில்லை. தினமும் கொஞ்ச நேரம் பழக்கினேன். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால், "தெரியாது" என்பார், உடனே பொறுக்க மாட்டாமல், "வியாழன்" என்பார். "இருங்க, பாத்துட்டு வரேன்" என்று காலெண்டர் பக்கம் எழுந்துவிடுவார். கையைப் பிடித்து உட்காரவைப்பேன். எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. நாலாவது மாதத்தில் முழுசாகப் படிந்துவிட்டது. கேட்டு முடிப்பதற்குள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தெரியாது.

இரண்டாம் முறை அதே அறை, அதே கட்டைகள். அக்கா கட்டைகளைத் தொடவே இல்லை.

"ஆரஞ்சு, வாழைப்பழம்?"

"தெரியாது."

"ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?"

"தெரியாது."

"உங்க பேரு என்னம்மா?"

அக்கா மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். "தெரியாது."

உளவியலாளர் என்னைக் காட்டினார். "இவங்க யாரு?"

இதை நான் பழக்கவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் உதவுவேனா என்று பார்த்தார். பேசக் கூடாது என்பதால் நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியாது," என்றார் அக்கா.

அவரை வெளியே அனுப்பிவிட்டு உளவியலாளர் கட்டைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் எடுத்து வைத்தார். நான் கோபத்தை எதிர்பார்த்தேன்.

"ஆறு மாசத்துக்குள்ள ஒரு விஷயத்தை இவ்வளவு சரியா கத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குப் பிடிக்காத விஷயத்தை, வேற யாருக்காகவோ," என்றார். "இதை அளக்க என்கிட்ட எதுவும் இல்ல மேடம். இதை அறிவுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுன்னும் தெரியல."

நான் அழுதுவிட்டேன்.

"இந்த மார்க்கை நான் போடல. இவங்க அன்னாட வேலையெல்லாம் எப்படிப் பண்றாங்கன்னு தனியா ஒரு மதிப்பீடு இருக்கு. போன தடவையே அதைச் செஞ்சு போர்டுக்கு அழுத்தி எழுதியிருக்கணும். நம்பரோட விட்டுட்டேன். அது என் தப்பு. கடை, பஸ், அடுப்பு, எல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் எழுதினார். இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. நான் அக்காவைப் பழக்கியிருக்கவே தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சான்றிதழைப் பீரோவில் வைத்த பிறகும் அக்கா மாறவில்லை. காய்கறிக்காரர் "நல்லாகீறியா" என்றால், "தெரியாது". பக்கத்து வீட்டம்மா கரண்ட் வந்ததா என்றால், "தெரியாது". டியூஷன் நேரத்தில் கூடத்துக்கு வராமல் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, அது முடிஞ்சுபோச்சு. இனிமே தெரிஞ்சதைச் சொல்லலாம்."

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "யாராவது போய்ச் சொல்லிட்டா? பேப்பரைத் திருப்பி வாங்கிப்பாங்க டீச்சர்."

வீட்டுக்குள் எங்களிடம் பேசுவார். வெளியாட்களிடம் கிடையாது. அவர் அந்தத் தாளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டம்மா பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தார். மாமியாருக்குப் பேச்சு குழறுகிறது, வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஆட்டோவில் தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டோம், உங்கள் போன் எடுக்கவில்லை என்றார். என் போன் ஆசிரியர் அறையில் பைக்குள் கிடந்தது. நான் போய்ச் சேரும்போது மணி ஒன்று இருபது.

மருத்துவர் இளைஞர். முகத்தில் களைப்பு.

"மேடம், எப்போ ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியல. பக்கத்து வீட்டுல பாத்தது பதினோரு மணிக்கு. அதுக்கு முன்னாடி எப்போ நல்லா இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் மூளையில அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தெரியாம போட்டா ஆபத்து. கூட இருந்தவங்களைப் பத்து தடவை கேட்டுட்டேன். தெரியாதுன்னே சொல்றாங்க."

அக்கா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அம்மாவின் கண்ணாடிக் கூடு. எதிரே மருத்துவரின் வெள்ளைக் கோட்டு, கையில் அட்டை, பேனா. எப்படிப்பட்டவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் கற்றுக்கொடுத்திருந்தேனோ, அப்படிப்பட்டவர் அவர் முன்னால் நின்றிருந்தார்.

நான் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, சொல்லுங்க. சொல்லலாம்."

"பேப்பரு?"

"பேப்பர் போனா போகட்டும். அம்மாவுக்கு எப்போ ஆச்சு?"

அவர் மருத்துவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "நீங்க கிளம்பிப் போனதும் அம்மா காபி கேட்டாங்க. பிளாஸ்க்ல இருந்து ஊத்திக் குடுத்தேன். டம்ளர் இடது கையில நிக்கல, கீழ விழுந்துடுச்சு. கடிகாரத்துல எட்டு முப்பத்தஞ்சு. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் பேசினாங்க. அப்புறம் பேச்சு வழவழன்னு வந்துச்சு. யாரையும் கூப்பிடாதே, படுத்தா சரியாயிடும்னாங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒம்பதே காலுக்கு இடது கால் அசையல. பத்து மணிக்கு வாய் கோணுச்சு."

மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தைந்திலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஒன்று ஐந்து. நாங்கள் பதினைந்து இருபது நிமிடம் தாண்டியிருந்தோம்.

"ஊசி போட்டிருந்தாலும் பொழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது மேடம்," என்றார் அவர். அதை எனக்காகச் சொன்னார் என்று புரிந்தது.

மாமியார் ஒன்பது நாள் கிடந்தார். பேச்சு திரும்பவில்லை. அக்கா பகலெல்லாம் கட்டிலருகே நின்றார்.

காரியங்கள் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலை, நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், நான் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

கையில் இருந்த போர்வையை மடித்தேன். மறுபடி பிரித்து மடித்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது அழுகைதான். கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வானத்தைப் பார்ப்பதுபோல் நிதானமாக. பிறகு போர்வையின் மறுமுனையை எடுத்து, மடிக்க உதவினார்.

"சரி டீச்சர். நான் கேக்கல. அழாதீங்க."

அதன் பிறகு இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். பென்ஷன் அவர் பேருக்கு மாறியது. ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை பின்கட்டுவரை போயிருக்கிறேன். "என்ன டீச்சர்?" என்பார். "ஒண்ணுமில்லக்கா" என்று திரும்பிவிடுவேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மாலை, என் கணவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அம்மாவுக்கு ஊசி போடாமப் போனது எதனாலன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீ சொன்னியா?"

"இல்ல," என்றேன்.